ஒரே நேரத்தில் பதில் சொல்லும் டேக்குகள்

கடைச் சரக்குகளில் ஒட்டப்படும் ஆர்எஃப்ஐடி டேக்குகளில் பேட்டரி கிடையாது. ரீடர் வீசும் ரேடியோ அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு, அதே அலையைச் சற்று மாற்றித் திருப்பி அனுப்பித் தம் எண்ணைத் தெரிவிக்கின்றன. ஒரு பெட்டிக்குள் நூறு சட்டைகள் இருந்தால் நூறு டேக்குகளும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். எல்லாமே உடனே பதில் சொன்னால் ஓர் எண்ணும் ரீடருக்குப் பிடிபடாது. இதுவே சிக்னல் மோதல். வைஃபை கருவி, அலைவரிசை காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே பேசும். டேக்குக்கோ பக்கத்தில் இன்னொரு டேக் இருப்பதே தெரியாது. ஆகவே முறைப்படுத்தும் பொறுப்பு முழுவதும் ரீடருடையது.

இதற்கான வழி, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் இயக்கத் தொடங்கிய அலோகா ரேடியோ வலையமைப்பிலிருந்து வந்தது. செய்தி மோதினால், சீரற்ற இடைவெளி விட்டு மறுபடி அனுப்பவேண்டும், அவ்வளவுதான் விதி. இதில் அதிகபட்சம் 18.4 சதவீத நேரமே பயன்பட்டது. நேரத்தைச் சம அளவான துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்றதும் அது 36.8 சதவீதமாக, அதாவது இரு மடங்காக உயர்ந்தது.

சரக்கு டேக்குகளின் ஜென்-2 தரநிலை இதை அழகாக மெருகேற்றியிருக்கிறது. ரீடர் முதலில் 'கியூ' என்ற எண்ணை அறிவிக்கும். கியூ 4 என்றால் 16 துண்டுகள், 5 என்றால் 32. ஒவ்வொரு டேக்கும் தனக்குள் சீட்டுக் குலுக்கி ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும். முறை வந்ததும் தன் முழு எண்ணைச் சொல்லிவிடாது. 16 பிட் நீளமுள்ள தற்காலிக எண்ணை மட்டும் அனுப்பும். மோதல் நேர்ந்தாலும் வீணாவது சிறு நொடித்துளிதான் என்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பம். ரீடர் அதே எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் உண்மையான அடையாள எண் வெளிவரும். அடையாளம் சொல்லி முடித்த டேக் அந்தச் சுற்றில் மறுபடி வாய் திறக்காது. மோதல் மிகுந்தால் ரீடர் கியூவை உயர்த்தும். துண்டுகள் காலியாகவே கழிந்தால் குறைக்கும். டேக்குகளின் எண்ணிக்கையும் துண்டுகளின் எண்ணிக்கையும் நெருங்கும்போதுதான் வேலை வேகமாக நடக்கும்.

13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒருவகை அட்டைகளில் குலுக்கல் கிடையாது. பர்ஸில் அப்படிப்பட்ட இரண்டு அட்டைகள் இருந்தால், அவற்றின் எண்கள் எந்த பிட்டில் வேறுபடுகின்றன என்பதை ரீடர் கண்டுகொள்ளும். பிறகு அந்த இடத்தில் 1 உள்ள அட்டையை மட்டும் பேசச் சொல்லும். மரக்கிளைகளைப் பிரித்துப் பார்ப்பதுபோல, கடைசியில் ஒன்றே மிஞ்சும்.

சுங்கச்சாவடிகளில் பயன்படும் ஃபாஸ்டேக்கும் ஜென்-2 வகைதான். பக்கத்து வரிசை வண்டியின் டேக் சேர்ந்து பதில் சொன்னாலும் இரண்டு எண்களும் பிழையின்றிப் பதிவாகும். ஆனால் எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது என்பதை மோதல் தடுப்பு முறை சொல்லாது. அதற்கு ஆன்டெனாவைச் சரியான கோணத்தில், அளவான சக்தியில் பொருத்தவேண்டும்.