உறவுக்காகப் பிணை நின்றோம்

புலம்பெயர்ந்து வந்த எம்மவரிற் பலருக்கு முதல் வேலை விளம்பரம் பார்த்துக் கிடைத்ததன்று. முன்னர் வந்த ஒருவர் தமது முதலாளியிடம் சொன்ன வார்த்தையினாற் கிடைத்தது. இது எமக்கு மட்டும் உரிய வழக்கமுமன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1974இல் வெளியிட்ட ஆய்விலே, தாம் விசாரித்த பணியாளர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமாகவே வேலை பெற்றிருந்தனர் எனக் கண்டார். ஆனால் அந்த வார்த்தை பொய்த்துப்போனால் என்ன நேரும் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. எமக்கு நேர்ந்ததை இங்கே சொல்கிறோம்.

1989இல் பாரிஸ் நகரின் உணவகம் ஒன்றிற் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். பிரான்சிற் புகலிடம் கோரியவர்களுக்கு வேலை செய்யும் உரிமை இருந்த காலம் அது; 1991 செப்ரெம்பரிலேயே அது பறிபோனது. மூன்று ஆண்டுகள் ஒருநாளும் பிந்தாமற் போனதனால் அங்கே எமது சொல்லுக்கு மதிப்பிருந்தது. அவ்வேளையிற் பெரியம்மாவின் கடைசி மகன் பாரிசுக்கு வந்து சேர்ந்தான். காணியை ஈடுவைத்து அனுப்பியிருந்தார்கள். "தம்பியை உன்னோடு ஒரு வேலையிற் சேர்த்துவிடு மோனை" என்று பெரியம்மா எழுதியிருந்தார்.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "நல்ல வேலையாளா?"

"அவன் எமது தம்பி" என்றோம்.

கேட்ட கேள்விக்கு அது பதிலன்று என்பது அன்று எமக்குப் புலப்படவில்லை. அவன் பள்ளியிற் கெட்டிக்காரன் என்பதும், கோயில் திருவிழாவில் இனிமையாகத் தேவாரம் பாடுவான் என்பதும் தெரியும். பத்து மணிநேரம் தண்ணீர்த்தொட்டி முன்னே நின்று எண்ணெய்ச் சட்டி தேய்ப்பானா என்பது தெரியாது.

முதல் வாரம் நன்றாகச் சென்றது. பின்னர் பிந்தி வரத் தொடங்கினான். அவன் விட்டுச் சென்ற சட்டிகளையும் நாமே தேய்த்தோம், முதலாளிக்கு மறைத்தோம். மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, மண்டபம் நிறைந்திருந்த நேரம், தலைமைச் சமையற்காரர் தகாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். அவன் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினான். நாம் தலைகுனிந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம்.

"அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றார்" என்று அவன் வீட்டுக்கு எழுதினான். அது பொய்யன்று. பெரியம்மாவின் கடிதங்கள் அத்துடன் நின்றன.

அடுத்த மாதம் இன்னொருவரை அழைத்துச் சென்றோம். இரு பிள்ளைகளின் தந்தை, முன்னர் எம்முடன் வேறிடத்தில் வேலை செய்தவர், சலிக்காத உழைப்பாளி. முதலாளி அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உங்கள் ஆட்கள் இனி வேண்டாம்" என்றார். பின்கதவருகே குளிரில் நின்ற அந்த மனிதரிடம் காரணத்தைச் சொல்ல எமக்கு நா எழவில்லை.

தம்பியோ பின்னர் அச்சகம் ஒன்றிற் சேர்ந்து நல்ல வேலையாள் எனப் பெயரெடுத்தான். அவன் சோம்பேறியல்லன். அவனுக்கு எது கைவரும் என்று நாம் கேட்கவேயில்லை.

திருக்குறளிற் சுற்றந்தழால் 53ஆம் அதிகாரம். அதற்கு முன்னர் வருபவை தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்ந்து, அவனுக்கேற்ற வேலையை ஒப்படைக்கச் சொல்லிய பின்னரே சுற்றத்தைத் தழுவச் சொல்கிறார் வள்ளுவர். நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினோம்.

உறவினருக்காக வேலை கேட்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எம்மவருக்கு எம்மைவிட்டால் யார் உளர்? ஆயினும், "இவர் எமது உறவினர், இவரது வேலையை நாம் கண்டதில்லை, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று முதலாளியிடம் சொல்லலாம். வேலையின் கடுமையை உறவினரிடமும் மறைக்காமற் சொல்லலாம். அன்று இவ்விரண்டையும் சொல்லியிருந்தால், பின்கதவருகே நின்ற அந்த மனிதர் உள்ளே வந்திருப்பார்.