கோட்டைத் தேடி ஓடும் வண்ணம்

மாதிரி விமானக் கண்காட்சியில் 1:72 அளவு விமானங்களைக் காண்போர், தகடுகள் சந்திக்கும் இடந்தோறும் ஓடும் மயிரிழைக் கோடுகளை நடுக்கமின்றி வரைந்த கை எது என்று வியந்து கேட்பதுண்டு. எந்தக் கையும் அவற்றை வரைவதில்லை. வார்ப்பிலேயே பள்ளமாக அமைந்த கோட்டின் ஓரிடத்தில், எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் மிக நீர்க்கக் கரைத்த ‘வாஷ்’ என்னும் கலவையைத் தூரிகை நுனியால் தொட்டுவைத்தால் போதும். அது தானாகவே கோட்டின் வழியே ஓடிவிடும்.

அதை ஓட்டுவது நுண்புழை விசை. திரவத்தின் விளிம்பு திடப்பரப்பைத் தொடும் கோணமாகிய சேர்கோணத்தையும், ஆப்பு வடிவப் பள்ளத்தின் கோணத்தில் பாதியையும் கூட்டிவரும் தொகை 90 பாகைக்குக் குறைந்தால், திரவம் மூலையைப் பற்றிக்கொண்டு நீளும் என்று பால் கான்கஸ், ராபர்ட் ஃபின் ஆகிய கணிதவியலர் 1969இல் காட்டினர். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன்; பெட்ரோலியத் தின்னருக்கோ அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், நீர் முத்தாகத் திரளும் பரப்பிலும் தின்னர் தட்டையாகப் படிந்து அந்த நிபந்தனையை எளிதில் நிறைவேற்றுகிறது. ஆயினும், திரவம் நீள நீள அதன் பாகுநிலைத் தடையும் கூடுவதால் இரு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் ஆகிறது. கைதேர்ந்தவர்கள் ஒரே இடத்தில் மேலும் மேலும் ஊற்றாமல், சற்றுத் தள்ளி மறுபடி தொட்டுவைப்பது இதனால்தான்.

இத்தனையும் பளபளப்பு வார்னிஷின் மேல்தான் நடக்கும். வழவழப்பான வாழையிலையில் ரசம் இலையில் ஊறாமல் சோற்றுப் பருக்கைகளின் இடுக்குகளில் புகுகிறது. தாள் தட்டிலோ கண்ட இடமெல்லாம் ஊறிவிடுகிறது. மங்கல் பெயிண்ட் அத்தகைய தாள் தட்டு: அதன் நுண்ணிய சொரசொரப்பு ஒவ்வொன்றும் தானும் ஒரு பள்ளமாகி வாஷை இழுப்பதால் விமானமே அழுக்காகிறது. பந்தியில் எஞ்சிய ரசத்தை ஒரே வீச்சில் வழிப்பவரைப் போல, மாதிரி செய்பவரும் மிஞ்சிய வாஷை மூக்கிலிருந்து வால் நோக்கி, காற்றோடும் திசையிலேயே துணியால் வழிக்கிறார். கடைசியாகப் பூசும் மங்கல் வார்னிஷில் உள்ள சிலிக்காத் துகள்கள், அது உலர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை மேடுபள்ளமாக்கி ஒளியைச் சிதறடிக்க, பொம்மைப் பளபளப்பு மறைகிறது.

வரலாறு வேண்டுவோருக்கு: பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் ‘பெங்குவின்’ பிளாஸ்டிக் மாதிரிகளை 1936இல் வெளியிட்டது. பிற்காலத்திலும் நெடுநாள் பல மாதிரிகளில் கோடுகள் மேடாகவே வார்க்கப்பட்டமையால், வாஷ் ஓடுவதற்கு வாய்க்கால் இல்லை.

இன்று அழகிய சிறு பாட்டில்களில் ‘தத்ரூபம்’ என்ற வாக்குறுதியோடு விற்கப்படும் வாஷ், பெரும்பாலும் நிறமியும் தின்னரும் கலந்த கலவையே. தத்ரூபத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 0.1 மில்லிமீட்டர் அகலக் கோடு, 1:72 அளவில், உண்மை விமானத்தில் 7.2 மில்லிமீட்டர் இடைவெளியாகும். அத்தகைய விமானத்தில் ஏற எந்த விமானியும் தயங்குவார். அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் போர்விமானத்திலோ, காற்று குழம்பாமல் அடுக்கடுக்காக ஓடவேண்டும் என்பதற்காக, இறக்கை முன்பகுதியின் இணைப்புக் கோடுகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே புட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து மறைத்தனர். ஆகவே மஸ்டாங்கை உள்ளபடி செய்ய விரும்புபவர், வாஷ் பாட்டிலைத் திறப்பதற்கு முன் அந்தக் கோடுகளைப் புட்டியால் அடைத்துவிட வேண்டும்.