மருந்தின் நிதானம்

முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிந்து செல்லுமிடத்தில், ஆர்தர் காட்டன் 1836-இல் எழுப்பிய மேலணையின் அருகே நின்று ஜலம் திறந்துவிடப்படுவதைப் பார்த்தவர்களுக்கு, வாய்க்காலின் க்ஷேமம் ஆற்றில் வரும் வெள்ளத்தின் அளவைக் காட்டிலும் அது சீராக விடப்படுவதையே பொறுத்திருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரைபிள் தோட்டாவுக்குள் அடைக்கப்படும் மருந்தின் விஷயமும் இதுவேதான். நல்ல ரைபிள் மருந்து வெடித்துச் சிதறுவதில்லை, எரிகிறது. ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள அம்மருந்து, குண்டு குழலைக் கடந்து வெளியேறுவதற்கு ஆகும் காலத்தில், அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள், வாயுவாக மாறிக் குண்டின் பின்னே விரிந்துகொண்டே போகும் இடத்தை நிரப்பி அதை உந்த வேண்டும். துகள் ஒவ்வொன்றும் மேற்புறத்திலிருந்து உள்நோக்கி எரிவதால், அதன் பருமனும், வடிவமும், நடுவே விடப்பட்ட துவாரமும், எரிதலைத் தாமதப்படுத்தும் மேற்பூச்சுமே மதகின் வேலையைச் செய்கின்றன.

ஆகவே, குறி தவறாமையை நாடி மருந்தைப் பரிசோதிக்கிறவன் அதன் சக்தியை மட்டும் அளந்து திருப்தியடைய முடியாது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் உள்ள வித்தியாசமே அவனுடைய முதற்கவலை. குண்டின் வேகம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், பூமியின் ஆகர்ஷணத்தால் அது தாழும் அளவு நூற்றில் இரண்டு பங்கு அதிகமாகிறது. 300 மீட்டர் தூரத்தில் இது ஒன்றரை சென்டிமீட்டர் போன்ற அற்ப விஷயம். 900 மீட்டரிலோ அதே குறைபாடு குண்டை ஏறத்தாழ கால் மீட்டர் கீழே இறக்கிவிடும்.

வேகத்தை அளக்கும் வித்தையை உலகுக்குத் தந்த மேதை நம் சோழமண்டலக் கரையிலேயே உயிர் நீத்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற அந்த ஆங்கிலேய கணித நிபுணர் 1742-இல் வெளியிட்ட பீரங்கி சாஸ்திர நூலில், கண்ணுக்குப் புலப்படாத வேகத்தைக் கண்ணுக்குப் புலப்படும் அசைவாக மாற்றும் உபாயத்தை விவரித்தார். ஊசலாகத் தொங்கவிடப்பட்ட கனத்த மரப்பலகையில் குண்டு பாய்ந்து பதிந்துகொள்ளும். பலகை பின்னோக்கி ஆடும். அதன் அடியில் கட்டிய ஒரு நாடா எவ்வளவு நீளம் இழுக்கப்பட்டது என்பதைப் பார்த்து ஆட்டத்தின் அளவை அறியலாம். குண்டின் எடையும் பலகையின் எடையும் தெரிந்திருக்க, மோதுவதற்கு முன்னிருந்த உந்தமும் மோதிய பின்னுள்ள உந்தமும் சமம் என்ற விதியைக் கொண்டு, விநாடிக்கு 1,600 அடிக்கு மேற்பட்ட வேகங்களை அவர் கணக்கிட்டார். பலகையைச் சற்றுத் தொலைவில் வைத்து மீண்டும் சுட்டபோது, காற்றின் தடை அதுவரை அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிட மிகப் பெரிது என்பதும் வெளிப்பட்டது. அந்நூலை ஆய்லர் என்ற மகா கணிதர் 1745-இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்து விரிவான குறிப்புகளும் சேர்த்தார் என்றால், அதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டாம். குழலுக்குள் திருகுவரி வெட்டிய துப்பாக்கிகளின் சிறப்பை 1747-இலேயே ராபின்ஸ் எடுத்துரைத்திருக்கிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்திருத்தும் பொறுப்பேற்று 1750-இல் இந்தியா வந்த அவர், கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் ஜுரத்தால் காலமானார். அவ்வாண்டில்தான், ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முகம்மது அலியைத் திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சாஸ்திரம் கடலூர் வரை வந்திருந்தும், இங்கே நடந்த யுத்தத்தில் வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த மருந்து கைக்கு வந்த அளவில் பிரயோகிக்கப்பட்டதே என்று எண்ணும்போது, அறிவுக்கும் வழக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் எனக்கு வியப்பையே தருகிறது.

ஊசலுக்குப் பின், 1860-களில் லெ பூலாஞ்சே என்ற பெல்ஜிய ராணுவ அதிகாரி அமைத்த யந்திரம் மிக அழகானது. குழலின் வாயருகே ஒரு மின்கம்பி. குறித்த தூரத்தில் மற்றொரு கம்பித் திரை. முதற்கம்பி அறுந்ததும் ஒரு மின்காந்தம் தன் பிடியிலிருந்த நீண்ட தண்டைக் கைவிடுகிறது. திரை அறுந்ததும் இரண்டாவது மின்காந்தத்தினின்று ஓர் எடை விழுந்து ஒரு கத்தியை விடுவிக்க, அது விழுந்துகொண்டிருக்கும் தண்டின்மேல் வடுப் பதிக்கிறது. தண்டு எவ்வளவு விழுந்தது என்பதிலிருந்து கழிந்த காலமும், காலத்திலிருந்து வேகமும் கிடைக்கின்றன. இன்று ஒளித்திரைகளும் ராடாரும் அவ்வேலையைச் செய்கின்றன. குழலுக்குள் எழும் அழுத்தத்தை, முன்பு ஒரு சிறு செப்பு உருளை எவ்வளவு நசுங்கியது என்று பார்த்து அறிந்தார்கள். இப்போது அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்கள் அறிவிக்கின்றன. வேகத்தோடு அழுத்தத்தையும் அளந்தே தீர வேண்டும். வேகம் சற்றே ஏறும்போது அழுத்தம் அபாய எல்லையைத் தாண்டியிருக்கக்கூடும்.

நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே, மலை ரயில் நின்று செல்லும் அருவங்காட்டில், புகையற்ற மருந்தாகிய கார்டைட்டைச் செய்வதற்கென்றே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. திருச்சியில் 1966-இல் தோன்றி, ஊரார் துப்பாக்கித் தொழிற்சாலை என்றே வழங்கும் படைக்கல நிலையத்தில் இன்சாஸ் ரைபிள்கள் உருவாயின. குளிர்ந்த மலையில் பிறக்கும் மருந்து திருச்சியின் சித்திரை வெயிலிலும் எரிய வேண்டும். சூடேறிய மருந்து விரைந்து எரிந்து அழுத்தத்தை உயர்த்துமாதலால், அதைக் குளிர்விக்கப்பட்ட நிலையிலும் சூடாக்கப்பட்ட நிலையிலும் சுட்டுப் பார்ப்பது பரிசோதனையின் இன்றியமையாத அங்கம். ஒரே முறையில் இரண்டு தடவை செய்த மருந்துகூட முற்றிலும் ஒன்றாயிராது. ஆகையால் பல பகுதிகளைக் கலந்து ஒருமைப்படுத்தி, ஏற்கெனவே தரம் நிர்ணயிக்கப்பட்ட மருந்தோடு ஒப்பிடுவார்கள்.

சுடும்போது மனிதக் கையின் நடுக்கம் முடிவைக் கலைக்காதபடி கனத்த குழலை அசையாத தாங்கியில் பொருத்துவதுண்டு. இலக்கில் மூன்று துளைகள் நெருங்கி விழுந்துவிட்டால் மருந்து உத்தமமானது என்று முடிவு கட்டுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். மூன்று குண்டுகள் தற்செயலாகவும் கூடும். பத்து, இருபது என்று சுட்டு, சராசரி வேகத்தோடு அதிலிருந்து ஒவ்வொன்றும் விலகிய அளவையும் எழுதி, அதே சோதனையை வேறொரு நாளும் செய்தால்தான் மருந்தின் குணம் தெரியும்.

சில தேசங்களில் குறி சுடுவோர் தாங்களே மருந்தை நிறுத்துத் தோட்டா நிரப்பிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். கிலோக் கணக்கில் மருந்தைக் கையாளும் வேலை வீட்டு அறைக்கு உரியதும் அன்று.

சுட்டு முடித்தவுடன் பரிசோதனை முடிந்துவிடுவதில்லை. நைட்ரோ செல்லுலோஸ் கலந்த மருந்து கிடங்கில் இருக்கும்போதே மெல்லச் சிதைந்து அமில வாயுக்களை விடும்; அவற்றை உறிஞ்சிக்கொள்ள ஒரு ஸ்திரப் பொருளைக் கலந்து வைக்கிறார்கள். அப்பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று குறித்த காலத்துக்கொரு முறை பார்ப்பதோடு, கார்டைட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரெடரிக் ஏபெல் வகுத்த முறைப்படி, மருந்தின் மாதிரியை இளஞ்சூட்டில் வைத்து, அதன் மேல் தொங்கும் ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் தோய்ந்த காகிதம் எத்தனை நிமிஷங்களில் நிறம் மாறுகிறது என்றும் கவனிக்கிறார்கள். விதித்த காலத்துக்கு முன்பே நிறம் மாறினால், அந்த மருந்து முழுவதும், அது எவ்வளவு நேராகச் சுட்டதாயினும், அழிக்கப்பட வேண்டியதே.