ஒரு மணி நேரக் காட்சிக்கு இத்தனை விலையா?

வனவிலங்குகளை அவை வாழும் காட்டிற்கே சென்று காண விழைவோர் உலகெங்கும் பெருகி வருகின்றனர். இத்தகைய பயணங்களுள் பெருஞ்செலவு பிடிப்பவற்றுள் ஒன்று, ஆப்பிரிக்காவின் மலைக் கொரில்லாக்களைக் காணும் பயணம். ருவாண்டா நாட்டில் வெளிநாட்டார் ஒருவருக்கு அனுமதிக் கட்டணம் 2017-ஆம் ஆண்டு முதல் 1,500 டாலர். அதாவது, நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கும் மேல். விமானச் செலவும் விடுதிச் செலவும் தனி. இத்தனையும் கொடுத்தவர் கொரில்லாக்களின் அருகே இருக்கக் கூடிய நேரமோ ஒரு மணி மட்டுமே. இது தகுமா என்று நாம் வினவுவது இயல்பே.

அந்த ஒரு மணியும் எளிதில் கிட்டுவதன்று. சேறும் புதரும் நிறைந்த மலைச்சரிவில் சில வேளை பல மணி நேரம் ஏற வேண்டும். ஒரு கொரில்லாக் குடும்பத்தை நாளொன்றுக்கு எட்டுப் பயணிகளே காணலாம். 15 வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. நமக்குச் சாதாரணச் சளியாக வந்து போவது அவற்றின் உயிரையே குடிக்கக் கூடுமாதலால், நோயுற்றவரும் அருகே செல்லலாகாது.

எனினும், கண்ட காட்சியை மட்டும் நிறுத்துப் பார்த்து விலையை மதிப்பிடுதல் பொருந்தாது. பணம் யாருக்குப் போய்ச் சேருகின்றது என்பதையும் நாம் ஆராய வேண்டும்.

1969-இல் பூச்சிமருந்துக்கு உதவும் பைரீத்ரம் பூவைப் பயிரிடுவதற்காக, ருவாண்டாவின் எரிமலைப் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலம் பிரித்தெடுக்கப்பட்டது. எஞ்சிய காட்டிலும் ஒரு பகுதியை மாட்டுப் பண்ணையாக்கும் திட்டம் எழுந்தது. காடு காடாகவே இருந்தாலும் நாட்டிற்கு வருவாய் உண்டு எனக் காட்டும் பொருட்டே, 1979-இல் முறையான கொரில்லாச் சுற்றுலா முயற்சி அங்கே தொடங்கிற்று. 1980-களின் தொடக்கத்தில் விருங்கா மலைத்தொடரில் 250 அளவே இருந்த கொரில்லாக்கள், 2015-16 கணக்கெடுப்பில் 604 ஆயின. உகாண்டாவின் புவிண்டிக் காட்டிலுள்ளவற்றையும் சேர்த்து, 2019-இல் வெளியான மொத்தக் கணக்கு 1,063. இதில் காவலர், மருத்துவர், வழிகாட்டிகள் ஆகியோரின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அவ்வுழைப்பைத் தாங்குவதில் பயணிகளின் கட்டணத்திற்கும் இடமுண்டு.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. 1991-இல் புவிண்டி தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டையே நம்பி வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். சொந்த நிலமின்றிப் பிறர் நிலத்தில் ஒண்டிப் பிழைக்கும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். விலங்கைக் காப்பதற்கு ஏழையே விலை கொடுப்பது எவ்வகையிலும் நீதியாகாது. பூங்கா வருவாயில் பத்து விழுக்காட்டைச் சுற்றுப்புற மக்களின் நலனுக்கு ருவாண்டா ஒதுக்குகின்றது. இது நல்ல வழியே. ஆயினும் இழந்தவற்றை ஈடுசெய்ய இது போதுமா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

சுற்றுலாவை மட்டுமே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் பயணிகள் வரவு நின்றது, வருவாயும் நின்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் புவிண்டியில் ரஃபிக்கி எனும் ஆண் கொரில்லா வேட்டைக்காரன் ஒருவனால் கொல்லப்பட்டது.

ஆகவே, இப்பயணம் தகுமா என்ற வினாவுக்கு நம் விடை இதுவே: வசதி படைத்தவர், காட்டு விதிகளுக்குப் பணிந்து, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குவோராகவும் அமர்த்தி, அவர்களுக்கு உரிய கூலியும் கொடுத்துச் சென்றால், அச்செலவு வீணன்று. புகைப்படம் காட்டிப் பெருமை கொள்வதற்காகக் கடன்பட்டும் பிள்ளைகளின் படிப்புக்கான சேமிப்பைக் கரைத்தும் செல்வதாயின், அது தகாது. அங்கே செல்ல இயலாதவர் தாழ்வெண்ணம் கொள்ளவும் வேண்டுவதில்லை. அவை தம் காட்டில் அமைதியாக வாழ்கின்றன என்பதே, பார்த்தவருக்கும் பாராதவருக்கும் பொதுவான மகிழ்ச்சி அன்றோ!