கல்யாண வீடியோவைச் சுருக்குவதும் ஊருக்கு அனுப்புவதும்

தில்லியிலோ மும்பையிலோ கல்யாணத்தை நடத்திவிட்டாலும், அதன் வீடியோ ஊரிலிருக்கும் பெரியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நமக்கு விசேஷம் முடிந்த மாதிரி. ஆனால் வீடியோக்காரர் தரும் கோப்பு லேசில் நகராது.

கணக்கு இதுதான். வினாடிக்கு 16 மெகாபிட் வீதம் பதிவான ஒரு மணி நேர வீடியோவுக்கு, 16-ஐ 3600-ஆல் பெருக்கி, 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுக்க வேண்டும். 7,200 மெகாபைட், அதாவது 7.2 ஜி.பி. அதே வீடியோவை 4 மெகாபிட் ஆக்கினால் 1.8 ஜி.பி. "ஜிப் பண்ணியும் குறையலையே" என்பவர்கள் உண்டு. குறையாது, காமிராவிலிருந்தே அது சுருங்கித்தான் வருகிறது.

2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகிய முறைகள் அவ்வப்போது ஒரு முழுப் படத்தை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட படங்களில் எது மாறியது, எது நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். அசையாத மண்டபச் சுவருக்குச் செலவே இல்லை. ஹோமப் புகையும் அட்சதையும்தான் வில்லன்கள். ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் பறக்கும். முந்தைய படத்தை வைத்து ஊகிக்க வழியில்லை. கஞ்சத்தனமாகச் சுருக்கினால், தாலி கட்டும் நொடியில்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். அதற்காக அட்சதை போடாதீர்கள் என்று சொல்லவா முடியும்?

எனவே 'இத்தனை எம்.பி.க்குள் வரணும்' என்று அடம்பிடிக்காமல், தரத்தை நிலையாக வைத்துச் சுருக்குவதே நல்லது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில், முழு எச்.டி. படத்துக்கு ஆர்.எஃப். எண்ணை 20 முதல் 24-க்குள் வைக்கலாம். எண் கூடினால் தரம் குறையும். முடிந்ததும் முகூர்த்தக் காட்சியை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

பென்டிரைவில் இடமிருந்தும் 5 ஜி.பி. கோப்பு ஏறவில்லையா? அது எஃப்.ஏ.டி.32 அமைப்பில் இருக்கும்; அதில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்தால் ஏறும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பாட்டி வீட்டுப் பழைய டி.வி. எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமலும் போகலாம். அங்கே 4 ஜி.பி.க்குள் அடங்கிய எச்.264 கோப்புதான் பத்திரம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது இன்னொரு தடவை சுருக்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் 2 ஜி.பி. வரை உள்ளது உள்ளபடியே போகும்.

சுருக்கியதிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. ஆகவே மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.