காற்றைக் கேட்டுப் புறப்படுதல்

மலையடிவாரத்திலிருந்து கடலோரம் வரை – தொடர் கட்டுரை

ஆடி அமாவாசையை ஒட்டி மகாராஜபுரத்தில் வீசும் காற்றை அறியாதவர் எவரும் இப்பகுதியில் இலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகளைத் தாண்டி இறங்கி, தாணிப்பாறைச் சாலையில் சதுரகிரிக்குச் செல்லும் யாத்திரிகர்களின் தோள் துண்டைப் பறித்து, தென்னந்தோப்புகளை ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டுப் போகும் அந்தக் காற்று, கிழக்கே கரிசல் பூமியைக் கடந்து சமுத்திரத்தை அடைந்த பிற்பாடும் ஓய்வதில்லை; அங்கே அதற்குக் கச்சான் என்று பெயர்; அது வலுத்திருக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் கரையோரத்து நாட்டுப்படகுகள் பல மணலிலேயே கிடக்கும். சிறுபடகேறி மீன்பிடித்துக் கடலோரத்தில் கூடாரமடித்துத் தங்க வேண்டும் என்று நம்மூர் இளைஞர் சிலர் கொண்டிருக்கும் ஆசையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? அந்த ஆசைக்கு உரிய ஏற்பாடுகளை விவரிக்கப் புகும்போது, கூடாரம், தூண்டில், மிதவைச் சட்டை ஆகியவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இந்தக் காற்றிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

இளைஞர்களின் ஆசைக்கு வித்திட்டவை மெக்ஸிகோ தேசத்துக் கடற்கரைப் படங்கள். அத்தேசத்தின் வடமேற்கே பாஹா கலிபோர்னியா என்னும் நீண்ட தீபகற்பம் ஒன்று தொங்குகிறது. அதற்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் குறுகிய கடலில், ‘பங்கா’ எனப்படும் கூர்மூக்குப் படகுகளில் சென்று, பாலைவனக் கரையில் கூடாரமடித்து, பிடித்த மீனைச் சுட்டுத் தின்று திரும்புவதை அமெரிக்கர் பலர் ஒரு விரதம்போல் ஆண்டுதோறும் அனுஷ்டிக்கிறார்கள். ஜான் ஸ்டீன்பெக் என்னும் நாவலாசிரியரும் அவருடைய நண்பரான கடல்வாழ் உயிரின ஆராய்ச்சியாளர் எட் ரிக்கெட்ஸும் 1940ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு மீன்பிடிக் கப்பலை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு அக்கடலில் சுமார் ஆறு வாரம் சஞ்சரித்த வரலாறு பிரசித்தமானது. அவர்கள் போன மாதத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே வடக்கிலிருந்து நாட்கணக்கில் விடாது வீசும் காற்று சிறுபடகுக்கு ஆகாதது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலோ பசிபிக் சமுத்திரத்துச் சூறாவளிகள் தீபகற்பத்தைத் தாக்கக்கூடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வசந்தமே பிரயாணிக்கு உகந்தது. நம் கடலிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் செல்லுபடியாகிறது என்பது எனக்கு வியப்பளித்தது.

ராமேசுவரத் தீவுக்கு இரண்டு புறமும் இரண்டு கடல்கள் உண்டு. வடக்கே இருப்பது பாக் நீரிணை. அது ஆழம் குறைந்தது, சேறும் கடற்புல்லும் நிரம்பியது, பெரும்பாலும் சாதுவானது. அதனால் அப்பக்கத்து மக்கள் அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் சீறும்பொழுது தீவே ஒரு மதிலாக நின்று வடகடலைக் காக்கிறது. ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் நிலைமை தலைகீழாகி, வடகடல் கலங்கித் தென்கடல் அடங்குகிறது. பாம்பனிலும் மண்டபத்திலும் உள்ள படகுக்காரர்கள் இதற்கேற்பத் தங்கள் படகுகளையே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஆகவே மாசி, பங்குனி ஆகிய இரண்டு மாதங்களே, இரு பருவங்களுக்கும் இடைப்பட்டு, இரு கடலும் ஒருசேர அடங்கியிருக்கும் அபூர்வ காலம். கல்லூரி விடுமுறை ஜூனில் வருகிறதே என்று நம் இளைஞர்கள் வருந்துகிறார்கள். அதற்குக் கச்சான் பொறுப்பாக முடியாது.

காலம் தீர்ந்தால் அடுத்தது இடம். இங்கேதான் மெக்ஸிகோவின் படங்கள் நம்மவர்களைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றன. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 21 என்பது அறிவிப்பில் உள்ள எண்ணிக்கைதான், இரண்டு தீவுகள் பிற்பாடு நீரில் அமிழ்ந்தே போயின. எஞ்சிய தீவுகளில் அனுமதியின்றி இறங்குவதும் குற்றம், இரவு தங்குவதும் குற்றம். முற்காலத்தில் வலை உலர்த்தவும் சமைத்துச் சாப்பிடவும் அத்தீவுகளை உபயோகித்து வந்த கடலோர மக்களுக்கே இன்று அந்த உரிமை இல்லாதபோது, மலையடிவாரத்திலிருந்து போகும் நாம் அங்கே அடுப்பு மூட்ட நினைப்பது நியாயமாகாது. சதுரகிரியில் இராத்தங்கல் கூடாதென்று விதித்து, மழைக் குறி தெரிந்தால் தாணிப்பாறை வாயிலையே அடைத்துவிடும் வனத்துறையின் கண்டிப்பு நமக்குப் பழக்கமானதே. கடலில் அதே துறையின் வேறொரு கை அதே வேலையைச் செய்கிறது. அத்துறையின் படகிலேறிக் குருசடைத் தீவைப் பகலில் பார்த்து வரலாம். வடகடல் பக்கம் காரங்காட்டில் ஊர்மக்களைக் கொண்டே நடத்தப்படும் படகுகளில் அலையாத்திக் காட்டினூடே சுற்றி வரலாம். இவை படத்தில் காணும் சாகசங்கள் அல்ல என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.

தனியார் படகில் தூண்டில் போடத்தான் வேண்டும் என்பவர்கள் முதலில் மீன்வளத்துறை அலுவலகப் படியேற வேண்டும். மீன்பிடிப்பதற்கென்று பதிவான படகு வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு உல்லாசமாகச் சுற்றுவதற்கு உரியதன்று. அனுமதியில்லாமல் போய்க் கடலோரக் காவல்படையிடம் அகப்பட்டால் அபராதமும் அவமானமும் படகுக்காரர் தலையில்தான் விழும். கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள நீர்ப்பரப்பை 1983ஆம் ஆண்டுச் சட்டம் விசைப்படகுகளுக்கு மறுத்து நாட்டுப்படகுகளுக்கு விட்டிருக்கிறது. நம்மைப் போன்றவர்களின் எல்லை அதற்குள்ளேயும் பாதிக்கு மேல் போகலாகாது என்பது என் சொந்த அபிப்பிராயம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டரே உள்ள கடலில், எஞ்சின் நின்று நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் படகுக்கு அயல்நாட்டு எல்லை கண்ணுக்குத் தெரியாது. தூண்டிலில் எது அகப்படினும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுமில்லை. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை ஆகியவற்றைத் தொடுவதே வனவிலங்குச் சட்டப்படி சிறைக்கு வழி. மெக்ஸிகோவிலும் ‘டோடுவாபா’ என்னும் பெருமீனைப் பிடிப்பது 1975 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

இரவு தங்குவது பெருநிலத்துக் கரையிலேயே, ஊருக்குப் பக்கத்திலேயே, ஊர்த் தலைவரிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸாரிடமும் சொல்லிவிட்டே இருக்க வேண்டும். கூடாரமடிக்கும் ஸ்தலத்தைத் தேர்வதில் மட்டும் நம்மூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பாஹா பாலைவனத்தில் காய்ந்து கிடக்கும் ஓடைகளின் பட்டுப்போன்ற மணலைக் கண்டு மயங்கிப் படுத்தவர்கள், வானம் நிர்மலமாக இருக்கையிலேயே எங்கோ மலைமேல் பெய்த மழையால் அடித்துச் செல்லப்பட்ட கதைகளை அங்குள்ளோர் சொல்லி எச்சரிப்பார்கள். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் தாணிப்பாறையில் திடீர் வெள்ளம் யாத்திரிகர்களின் உயிரைக் குடித்ததை மறவாத நமக்கு அந்த எச்சரிக்கை புதிதன்று. ஆனால் ஓடைக்கு அஞ்சும் நாம் அலைக்கு அஞ்சுவதில்லை. மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே, பாஹாவை ஒட்டிய அக்குறுகிய கடலின் வடமுனையிலோ அது ஆறு ஏழு மீட்டர் வரை எழும்பக்கூடியது என்பதைக் கொண்டு, நம் கரையில் நீர்விளிம்பில் படுக்கலாமென்று எண்ணிவிடக் கூடாது. எங்கோ தென் இந்துமகா சமுத்திரத்தில் எழுந்த புயலின் அலைகள் காற்றே இல்லாத நல்ல வெயிலில் நம் தென்கரையில் வந்து மோதுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அவ்வலையில் மாண்டார்கள். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது என்பதுதான் அதில் நெஞ்சைச் சுடுவது.

எச்சரிக்கை இன்று எத்தனையோ வழிகளில் வருகிறது. பாம்பனிலும் தூத்துக்குடியிலும் ஏற்றப்படும் புயல் கூண்டு இருக்கிறது. மீனவர்களுக்கென்றே பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ வானொலி 90.4 அலைவரிசையில் இருக்கிறது, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உண்டாக்கிய கைப்பேசிச் செயலி அலையின் உயரத்தைத் தமிழிலேயே சொல்கிறது. கடலில் ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய கடலோரக் காவல்படை எண் 1554. கடலோரப் போலீஸாருக்கு 1093. இவ்வளவும் இருந்தும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஓரிரு நாளுக்குள் திரண்டெழுந்தபோது, முன்னரே ஆழ்கடலுக்குப் போய்விட்ட குமரி மாவட்டத்து மீனவர்களைச் செய்தி எட்டவில்லை. எச்சரிக்கை எட்டும் தூரத்துக்குள் நாம் இருக்கிறோமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

படகைப் பற்றிச் சில வார்த்தைகள். ஸ்டீன்பெக் கூட்டத்தார் கரைக்குப் போய்வரும் சிறு தோணிக்கென ஒரு மோட்டாரையும் கொண்டு போயிருந்தார்கள். கடல் அமைதியாக, துடுப்பே போதுமென்றிருக்கும் வேளைகளில் மட்டும் உற்சாகமாக ஓடி, அலை எழும்பி அவசரம் வந்த கணத்தில் மௌனவிரதம் பூண்டுவிடும் அதன் சுபாவத்தை ஸ்டீன்பெக் பக்கம் பக்கமாக எழுதிச் சிரித்திருக்கிறார். வெளிப்புற எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகளில் போகும் நம்மவரும் துடுப்பையும் நங்கூரத்தையும் நீண்ட கயிற்றையும் விட்டுப் போகலாகாது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதற்கும் இருக்கட்டும் என்பது உலகெங்கும் உள்ள சிறுபடகுக்காரர்களின் கணக்கு. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். மிதவைச் சட்டையைப் படகின் அடியில் மடித்து வைப்பதற்கென்று எவரும் செய்யவில்லை. கண்மாயிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நம்மூர்ப் பிள்ளைகள் அதை அணிவதைக் கோழைத்தனமென்று கருதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. ஆழமில்லாத நீரில் இறங்கி நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நடந்தால் புதைந்து கிடக்கும் திருக்கை விலகி ஓடிவிடும். குத்திவிட்டாலோ, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். பேத்தை மீனைச் சமைக்கவே கூடாது.

இத்தனையும் செய்த பின்னரும் மிஞ்சி நிற்கும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. அது கடலில் இல்லை, நம்முடைய பணப்பையில் இருக்கிறது. லீவு போட்டு, வேன் பிடித்து, விருதுநகர், அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் என்று ஊர் ஊராகக் கடந்து வந்திறங்கிய கூட்டம், “இன்னைக்குக் காத்து சரியில்ல தம்பி, நாளைக்குப் பாப்போம்” என்று படகுக்காரர் சொன்னால் இலேசில் ஏற்பதில்லை. கெஞ்சுகிறது, கூடக் கொஞ்சம் பணம் தருவதாகச் சொல்கிறது, அன்றைய கூலியும் போய்விடுமே என்ற கவலையில் அவரும், கடலை நன்கறிந்தவராயிருந்தும், தம் அறிவுக்கு விரோதமாகப் படகைத் தள்ளிவிடுகிறார். ஆதலின், எந்த நாளில் அவர் போக வேண்டாமென்கிறாரோ அந்த நாளுக்கும் முழுக்கூலி உண்டென்பதைப் புறப்படுவதற்கு முன்பே பேசி, அத்தொகையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே நான் இளைஞர்களிடம் வற்புறுத்திச் சொல்வது. கூலி உறுதியானால் அவருடைய நாவு சுதந்திரம் பெறும். அத்துடன் உத்தேசித்த நாட்களுக்கு மேல் ஒரு நாளை வெறுமனே ஒதுக்கி வைக்க வேண்டும்; அந்த நாள் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்ப்பதில் கழிந்தாலும் கழியட்டும்.

கடைசியாக, ஊரில் ஒருவர். படகின் பதிவெண், படகுக்காரரின் கைப்பேசி எண், புறப்படும் துறை, திரும்பும் மணி, கூட வருகிறவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மகாராஜபுரத்தில் இருக்கும் ஒரு பொறுப்பான மனிதரிடம், அண்ணனோ மாமாவோ யாராயினும், கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பொறுத்தும் செய்தி இல்லையென்றால் 1554ஐ அழைக்க வேண்டியவர் அவரே. “சிக்னல் கிடைச்சிருக்காது” என்று அவரே சமாதானம் செய்துகொண்டு தூங்கப் போகிறவராக இருந்தால் வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள். தூண்டில், இரை, எந்த மீனுக்கு எந்த ஆழம் என்பவற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.