ஓட்டத்துக்கும் டேக் ஹோம் உண்டு: வாரத்துக்கு மூணே கால் மணி நேரத்தில் ஒரு ஹாஃப் மாரத்தான்

போன வாரம் வீடியோவுல சம்பள சிலிப்பைப் பிரிச்சுப் பார்த்தோம். சிடிசி எவ்வளவு, கையில வர்றது எவ்வளவுன்னு பார்த்தப்போ நிறைய பேருக்கு ஷாக். அதே ஷாக் எனக்கும் ஒரு தடவை கிடைச்சது. பணத்துல இல்ல, ஓட்டத்துல.

நான் சென்னையில ஒரு சின்ன ரன்னிங் க்ளப்ல இருக்கேன். திறமையெல்லாம் பெருசா கிடையாது. ஜனவரியில நடக்கற மாரத்தான்ல ஹாஃப், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓடுவேன். 2025 ஜனவரி ரேஸுக்கு என் இலக்கு 2 மணி நேரத்துக்குள்ள முடிக்கறது. என் பெஸ்ட் அப்போ 2:17. க்ளப்ல எல்லாரும் 'சப்-டூ, சப்-டூ'ன்னு பேசினாங்க, நானும் பேசினேன். அவ்வளவுதான் காரணம்.

சிக்கல் என் தொழில். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட், அக்டோபர் 31 ஆடிட் கேஸ் ரிட்டர்ன். ஜனவரி ரேஸுக்கு உடம்பைத் தயார் பண்ண வேண்டிய மாசங்கள்ல நான் ஆபீஸ்ல ராத்திரி 11 மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அந்த வருஷம் ரிட்டர்ன் தேதியை நவம்பர் 15 வரைக்கும் நீட்டிச்சாங்க. உங்களுக்கு அது நல்ல சேதி. எங்களுக்கு வேலை இன்னும் ரெண்டு வாரம் இழுக்கும், அவ்வளவுதான்.

அது முடிஞ்சதும் பயம் வந்துடுச்சு. விட்டதைப் பிடிக்கணும்னு வாரத்துக்கு 22 கிலோமீட்டர் ஓடிட்டிருந்தவன் திடீர்னு 45 ஓடினேன். தைரியத்துக்கு ஒரு கார்பன் பிளேட் ஷூ வேற, 14,000 ரூபாய், ஆறு மாச நோ காஸ்ட் ஈஎம்ஐ. (நோ காஸ்ட்னு பேருதான். பிராசஸிங் ஃபீயும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்ட்ல வந்து நிக்கும். ஊருக்கெல்லாம் சொல்றவன் நானே வாங்கினேன்.) மூணாவது வாரம் இடது கால்ல, முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புல வலி. மாடிப்படி இறங்க முடியல. பிசியோ எட்டு சிட்டிங், 4,800 ரூபாய். ரேஸ் ஃபீ 1,600, திரும்ப வராது. ஷூவோட சேர்த்து 20,400 ரூபாய், ஓடின தூரம் பூஜ்யம். ரேஸ் ஜனவரியில முடிஞ்சுது, ஈஎம்ஐ மட்டும் ஏப்ரல் வரைக்கும் ஓடுச்சு.

பணத்தை விட வலிச்சது வேற ஒண்ணு. அந்த நவம்பர் முழுக்க காலையில நான் வீட்டுல இல்ல. டிசம்பர்ல இருந்தேன், ஆனா நொண்டிக்கிட்டு, எரிஞ்சு விழுந்துக்கிட்டு. மனைவி ஒரு நாள் அமைதியா கேட்டாங்க, "இது சந்தோஷத்துக்குத்தானே ஆரம்பிச்சீங்க?"

மார்ச் மாசம் எங்க கோச்கிட்ட போனேன். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லாரும் 'சார்'னுதான் கூப்பிடுவோம். "வாரத்துக்கு எத்தனை மணி நேரம்பா உன் கையில இருக்கு?"ன்னு கேட்டார். "ஆறு மணி நேரம் சார்." சிரிச்சார். "ஆப்பைத் திற." போன சீசன்ல ஆகஸ்ட்ல இருந்து 12 வாரத்தைக் கூட்டினோம். 37 மணி 40 நிமிஷம். சராசரி 3 மணி 8 நிமிஷம்.

கிளையன்ட் சிடிசியைச் சொல்லும்போது 'டேக் ஹோம் சொல்லுங்க'ன்னு திருத்தறவன் நான். என் நேரத்துக்கு மட்டும் சிடிசியைச் சொல்லியிருக்கேன். மழை, டெட்லைன், குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாம் பிடித்தம் போனா மிச்சம் மூணு மணி சொச்சம்தான். ஆறு மணி நேரம் ஓடறவனோட இலக்கை வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் ஓடினா, மிச்சத்தை உடம்புகிட்டதான் கடன் வாங்கணும்.

அதனால பிளானை மூணே கால் மணி நேரத்துக்குள்ள அடக்கினோம். அமெரிக்காவுல ஃபர்மன் பல்கலைக்கழகத்துல வாரத்துக்கு மூணே மூணு ஓட்டம்னு ஒரு முறையை உருவாக்கினாங்க: ஒண்ணு வேகத்துக்கு, ஒண்ணு விடாத வேகத்துக்கு, ஒண்ணு தூரத்துக்கு. கூட சைக்கிள், நீச்சல் மாதிரி ரெண்டு நாளும் அதுல உண்டு. அதுக்கு எனக்கு நேரம் இல்ல, விட்டுட்டேன். செவ்வாய்க்கிழமை மாநகராட்சி மைதானத்துல 800 மீட்டர் அஞ்சு தடவை. வியாழன் 6 கிலோமீட்டர், கஷ்டப்பட்டா ஒரு வார்த்தை பேசலாம்ங்கற வேகத்துல. ஞாயிறு காலை 5 மணிக்கு பெசன்ட் நகர் பீச்ல ஆரம்பிச்சு 12 கிலோமீட்டர். மெதுவா 18 வரைக்கும் ஏத்தினோம். ஞாயிறு ஓட்டம் கிலோமீட்டருக்கு 7 நிமிஷம், அதுக்கு மேல வேகம் கூடாது. சென்னைப் புழுக்கத்துல அதுவே சட்டையைப் பிழியற மாதிரி ஆக்கிடும். வாரம் தவறினா அது போனதுதான், அடுத்த வாரத்துல சேர்த்து ஓடக் கூடாது. சாரோட ஒரே கண்டிஷன் அது.

அப்புறம் இலக்கு. அக்டோபர்ல ஒரு 10 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், 58 நிமிஷம். பீட் ரீகல்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1977-ல ஒரு ஃபார்முலா வெளியிட்டார். தூர விகிதத்தை 1.06-வது அடுக்குக்கு உயர்த்தி, ஓடின நேரத்தால பெருக்கணும். எனக்கு வந்தது 2 மணி 8 நிமிஷம். அதுவும் அந்தத் தூரத்துக்குப் பழகியிருந்தாத்தான். 2 மணி நேரத்துக்கு 10 கிலோமீட்டரை 54:23-ல ஓடியிருக்கணும். எக்செல்ல எத்தனை தடவை போட்டாலும் அதே நம்பர்தான். 2:10-ன்னு எழுதினேன். கை கூசிச்சு, உண்மையைச் சொல்லணும்னா.

ஷூவும் சாதாரண ஷூ, 5,800 ரூபாய், மொத்தமா கட்டிட்டேன். (2025 செப்டம்பர் 22-ல இருந்து 2,500 ரூபாய் வரைக்கும் உள்ள செருப்பு, ஷூவுக்கு 5% ஜிஎஸ்டி. என் ஷூ அதுக்கு மேல, 18%.) 600 கிலோமீட்டர் தாங்கினாலும் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க்குள்ளதான்.

அந்த வருஷம் ஆடிட் தேதியை நவம்பர் 10 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதுல ரெண்டு ஞாயிறு போச்சு. சேர்த்து ஓடல.

2026 ஜனவரி. ஸ்டார்ட் ஆன உடனே 2:00 பேசரோட கொடி முன்னால போகுது, கூடவே எங்க க்ளப் பசங்க. கால் துடிக்குது. வாட்ச்சைப் பார்த்தேன், 6:10. அப்படியே வெச்சுக்கிட்டேன். 17-வது கிலோமீட்டர்ல அந்தக் கூட்டத்துல ரெண்டு பேர் நடந்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தன் தம்பி மாதிரி. "அண்ணா, போங்கண்ணா"ன்னான். 2:09:26.

சப்-டூ ஓடலையேன்னு இப்பவும் ஒரு சின்ன அரிப்பு இருக்கு. கார்பன் ஷூவை ஒருத்தர் 5,500-க்குக் கேக்கறார், கொடுத்துடலாம்னு இருக்கேன். வீட்டுக்கு வந்து மெடலைக் குழந்தை கழுத்துல போட்டப்போ, மனைவி காபியை நீட்டிக்கிட்டே கேட்டாங்க, "அடுத்த வருஷம் எத்தனை மணி நேரங்க?"

"மூணே கால்."

"ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டுங்க."